கியர் பாக்ஸை இறக்குவது

நம் ஊர்ப் பட்டறைகளில் யாரும் கியர் பாக்ஸைக் "கழற்றுவது" என்று சொல்வதில்லை. "கியர் பாக்ஸை இறக்கணும்" என்பார்கள். அந்தச் சொல்லில் வேலையின் தன்மை முழுவதும் இருக்கிறது. போல்ட்டைக் கழற்றுவது சிறிய வேலை. கழற்றிய பிறகு தலைக்கு மேலே தொங்கும் அந்தச் சுமையைத் தரைக்குக் கொண்டு வருவதுதான் பெரிய வேலை.

போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். எங்களுக்குக் குழி இருந்தது. பஸ் மேலே நிற்கும், நாங்கள் குழிக்குள் நிற்போம். வண்டி நான்கு சக்கரங்களில் தரையில் நிற்பதால், அது நம் மேல் விழுந்துவிடுமோ என்ற பயமே கிடையாது. வீட்டுக் கொட்டகையில் இந்த வேலையைச் செய்கிறவனுக்குக் குழி இல்லை. அவன் வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அதன் அடியில் மல்லாந்து படுக்க வேண்டும். ஓய்வுக்குப் பிறகு அமெரிக்காவில் மகள் வீட்டில் சில மாதங்கள் இருந்தபோதுதான் இதை நேரில் பார்த்தேன். அது மிச்சிகன் மாநிலம், டெட்ராய்ட்டுக்குப் பக்கம். அங்கே மெக்கானிக் கூலி அதிகம். வீட்டோடு சேர்ந்த கொட்டகையும் நல்ல சிமென்ட் தரையும் பலருக்கு உண்டு. பக்கத்து வீட்டுப் பெரியவர் 1970களின் செவர்லே கார் ஒன்றை வைத்திருந்தார். அதன் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை அவரே இறக்கினார். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

நம் தலைமுறை கிளட்ச் மிதித்தே வளர்ந்தது. கிளட்ச் இல்லாத கார் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதன் மூலம் காரிலேயே இல்லை, கப்பலில் இருக்கிறது. ஜெர்மனியில் ஸ்டெட்டின் நகரத்து வல்கன் கப்பல் தளத்தில் வேலை பார்த்த ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905-இல் ஒரு காப்புரிமை பெற்றார். நீராவி டர்பைன் மிக வேகமாகச் சுற்றும், கப்பலின் புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டையும் பல் சக்கரம் இல்லாமல் திரவத்தின் மூலம் இணைத்தார் அவர். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட விட்டால், அதன் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திரவ இணைப்போடு நான்கு கியர்களையும் தானாக மாற்றிக்கொள்ளும் ஹைட்ராமேட்டிக் கியர் பாக்ஸை ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இல் அறிவித்து, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் விற்றது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஏர்ல் தாம்ஸன். கியர் மாற்றும்போது பல் கடிக்காமல் இருக்கச் செய்யும் சின்க்ரோமெஷ் முறையைக் கொண்டுவந்தவரும் அவர்தான். முதலில் கியர் போடுவதைச் சுலபமாக்கினார், பிறகு கியர் போடும் வேலையையே ஒழித்துவிட்டார்! அடுத்து யுத்தம் வந்தது. எம்5 ஸ்டூவர்ட் என்ற இலகு டாங்கியில் இரண்டு காடிலாக் இன்ஜின்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹைட்ராமேட்டிக். சொகுசுக்காகச் செய்த பொருள் போர்க்களத்துச் சேற்றில் உழைத்துப் பெயர் வாங்கியது. 1950களில் ரோல்ஸ் ராய்ஸ்கூட உரிமம் பெற்று இதைப் பயன்படுத்தியது. பியூக் நிறுவனத்தின் டைனஃப்ளோ 1948-இல் வந்தபோது, வெறும் திரவ இணைப்பு போய் டார்க் கன்வெர்ட்டர் வந்தது. இரண்டு விசிறிகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு சக்கரம், இழுவிசையைக் கூட்டிக் கொடுப்பதற்காக. இன்றைக்கும் பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களில் இருப்பது அதுதான். பெரிய பரங்கிக்காய் போல இருக்கும்.

பெரியவர் வேலையைத் தொடங்கியபோது நான் கவனித்த முதல் விஷயம், அவர் முதல் அரை மணி நேரம் ஒரு போல்ட்டையும் தொடவில்லை. வண்டியைத் தூக்கினார். நான்கு ஸ்டாண்டுகளைச் சேஸிஸின் உறுதியான இடங்களில் வைத்து இறக்கினார். பிறகு வண்டியின் பக்கவாட்டில் நின்று இரண்டு கைகளாலும் பலமாக ஆட்டிப் பார்த்தார். ஆடினால் இப்போதே ஆடட்டும் என்பது கணக்கு. கழற்றிய சக்கரங்களை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டார். ஸ்டாண்டு கைவிட்டாலும் ஆள் நசுங்காமல் இருக்க ஓர் இடைவெளி கிடைக்கும். ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். ஜாக்கியை நம்பி அடியில் படுப்பவனை எங்கள் பணிமனையில் ஃபோர்மேன் காதைப் பிடித்து வெளியே இழுப்பார்.

ஸ்டாண்டு மட்டும் சாமியா என்ன? 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் என்ற கருவிக் கடை நிறுவனம் தான் விற்ற ஸ்டாண்டுகளில் பல லட்சத்தைத் திரும்பப் பெற்றது. பாரம் அசையும்போது பல்லில் கொக்கி சரியாகப் பிடிக்காமல் நழுவக்கூடும் என்பது காரணம். மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் சிலவற்றிலும் வெல்டிங் குறை தெரிந்து, அதே வருடம் அவற்றையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதனால்தான் சக்கரம், கட்டை என்று இரண்டாவது ஏற்பாடு.

ஒரு சக்கரத்தையும் கழற்றாமல், பின்பக்கத்தை மட்டும் தூக்கியோ சாய்தளத்தில் ஏற்றியோ வேலை செய்பவர்களும் உண்டு. அங்கேதான் "பார்க்" என்ற எழுத்து ஏமாற்றும். பார்க்கில் போட்டால் கார் பூட்டிக்கொண்டது என்று நினைக்கிறோம். உண்மையில் கியர் பாக்ஸின் பின் முனையில் ஒரு சிறிய கொக்கி ஒரு பல் சக்கரத்தில் விழுகிறது, அவ்வளவுதான். பின்சக்கர இழுவை வண்டியில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை உருவிய கணமே அந்தக் கொக்கிக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். வண்டி உருளும். ஆகவே ஷாஃப்ட்டில் கை வைக்கும் முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்தாக வேண்டும்.

இந்த "பார்க்" பற்றி இன்னொரு பழைய வழக்கு உண்டு. முதல் ஹைட்ராமேட்டிக்கில் பார்க் என்ற இடமே கிடையாது. இன்ஜினை நிறுத்திவிட்டு ரிவர்ஸில் போட்டால் பூட்டிக்கொள்ளும். பிறகு எல்லா நிறுவனங்களும் பார்க் வைத்தன. 1970களில் ஃபோர்டு கார்கள் பார்க்கில் போட்ட பிறகும் ரிவர்ஸுக்கு நழுவிப் பின்னால் ஓடுவதாகப் புகார்கள் குவிந்தன. அரசு விசாரணைக்கு வந்தவற்றில் 98 மரணங்களும் இருந்தன. 1980-இல் சமரசம் ஏற்பட்டது. சுமார் 2 கோடியே 30 லட்சம் வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு ஃபோர்டு நிறுவனம் ஆளுக்கொரு ஸ்டிக்கர் அனுப்பியது. பார்க்கில் சரியாக விழுந்ததா என்று பார், கை பிரேக்கை இழு, இன்ஜினை நிறுத்து என்று அதில் அச்சடித்திருந்தது. வண்டியைத் திரும்ப அழைத்துச் சரி செய்யவில்லை. எனக்கு இன்றுவரை அந்தத் தீர்வு ஜீரணமாகவில்லை.

அடுத்து பேட்டரியின் நெகட்டிவ் வயர். ஸ்டார்ட்டர் மோட்டார் கியர் பாக்ஸின் தோளை ஒட்டியே இருக்கிறது, அதில் எப்போதும் மின்சாரம் உண்டு. பிறகு எண்ணெய். வண்டி ஓடி வந்த சூட்டில் இறக்கினால் கை வெந்துவிடும். பல கியர் பாக்ஸ்களில் வடிகட்டும் பிளக்கே கிடையாது, அடித்தட்டின் ஒரு மூலையைத் தளர்த்திச் சாய்த்துத்தான் வடிக்க வேண்டும். சிவப்பு நிற எண்ணெய் அது. எங்கே ஒழுகினாலும் இன்ஜின் ஆயில் இல்லை என்று தெரிவதற்காகச் சாயம் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இதில் திமிங்கல எண்ணெயும் கலந்திருந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கலப் பொருள்களைத் தடை செய்த பிறகு வேறு ரசாயனங்களைத் தேடினார்கள்.

ஒரு போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. நம் ஊர் வழக்கப்படி, "கேஸ் விளக்கால் கொஞ்சம் சூடு காட்டலாமே" என்றேன். பெரியவர் தலையாட்டி மறுத்துவிட்டு, "லிவோனியா" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவர் வீட்டிலிருந்து சில மைல்களில் இருக்கும் ஊர் அது. 1953 ஆகஸ்ட் 12 அன்று அங்கிருந்த ஹைட்ராமேட்டிக் தொழிற்சாலையில் மேலே ஏறி ஒரு குழாயை கேஸ் கட்டரால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பொறி, கன்வேயருக்குக் கீழே இருந்த தட்டில் தேங்கிய எண்ணெய்த் திரவத்தில் விழுந்தது. கூரை மேல் பூசியிருந்த தார் உருகிச் சொட்டி, நெருப்பை ஆலை முழுவதும் பரப்பியது. நடுவில் தடுப்புச் சுவர் இல்லை. 6 பேர் இறந்தார்கள். ஆலையே அழிந்தது. காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபைலும் பியூக்கிடம் டைனஃப்ளோவைக் கடன் வாங்கி அந்த வருடத்துக் கார்களில் பொருத்தின. சில வாரங்களிலேயே, யுத்த காலத்தில் குண்டு வீச்சு விமானங்கள் தயாரித்த வில்லோ ரன் கட்டடத்தில் உற்பத்தி மறுபடி தொடங்கியது. எண்ணெய் வடிந்த தரையில் தீ கூடாது என்று நானும் பணிமனையில் சொல்லி வந்தவன்தான். ஆனால் எனக்கு அது விதி, அவருக்கு அது பக்கத்து ஊர். அந்தப் போல்ட்டுக்குத் துருநீக்கி அடித்து மறுநாள் வரை காத்திருந்தோம்.

மறுநாள் கடைசிக் கட்டம். இன்ஜினின் பின்பக்கத்துக்கு மரக்கட்டை வைத்து ஒரு ஜாக்கி கொடுத்தார். குறுக்குச் சட்டத்தைக் கழற்றினால் இன்ஜினின் பின்பாகம் தொங்கிவிடும் அல்லவா? கியர் பாக்ஸுக்கு அடியில் அதற்கென்றே உள்ள ஜாக்கி, மேலே சங்கிலிக் கட்டு. அந்த ரகம் எண்ணெய் இல்லாமலே 50 கிலோவுக்கு மேல். மார்பில் வைத்து இறக்கிவிடலாம் என்று நினைக்கும் இளவட்டங்கள் அங்கேயும் இருக்கிறார்களாம்.

கன்வெர்ட்டரை இன்ஜின் பக்கத்துத் தகட்டோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை முதலிலேயே கழற்றி, அதைக் கியர் பாக்ஸ் பக்கம் தள்ளிவிட்டிருந்தார். இறக்கும்போது முன்முனை சற்று மேல் நோக்கியே இருக்க வேண்டும். தாழ்ந்தால் எண்ணெய் நிறைந்த பரங்கிக்காய் வழுக்கி வந்து காலில் விழும். பிரியாமல் அடம் பிடித்தால் கடப்பாரை போடக் கூடாது. எங்கோ ஒரு போல்ட் மறந்திருக்கிறது என்று அர்த்தம். இங்கேயும் மேல்பக்கம் ஒன்று மறந்திருந்தது.

திரும்ப ஏற்றும்போது கன்வெர்ட்டரைச் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளினார். ஒவ்வொரு தண்டிலும் பல் விழும் "டக்" சத்தத்தை எண்ணிக்கொண்டே வந்தார். அது முழுதும் உட்காராமல் போல்ட் போட்டு இறுக்கினால், உள்ளே இருக்கும் பம்ப் உடைந்துபோகும். அப்புறம் இத்தனையும் முதலிலிருந்து. இரண்டாவது சத்தத்துக்குப் பிறகு வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் அவசரப்படவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தார், மறுபடி சுற்றினார். மூன்றாவது "டக்" எனக்கே கேட்டது.