கட்சிப் பதிவு மறுப்பு (மலேசியா)

வாக்குரிமையைத் தொடாமலே சிறுபான்மையினர் கட்சியின் பெயரையும் சின்னத்தையும் வாக்குச்சீட்டில் ஏறவிடாத நடைமுறை. மலேசியாவில் இதற்கு முதன்மைக் கருவி தேர்தல் சட்டமன்று, 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டமே. சங்கப் பதிவிலாகா ஏற்காத அமைப்பு கட்சியாகப் போட்டியிட முடியாது. 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் மலேசிய இந்தியர் உரிமை கோரிப் பேரணி நடத்திய இண்ட்ராப் அமைப்பு 2008 அக்டோபரில் தடைசெய்யப்பட்டது. தடை நீங்கியது 2013 ஜனவரியில். இண்ட்ராப் தலைவர்களில் ஒருவரான பி. உதயகுமார் 2009இல் தொடங்கிய மனித உரிமைக் கட்சிக்குப் பதிவு கிடைக்கவில்லை. ஆதரவு இல்லாததால் அன்று: உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுப்புக்காவலிலிருந்த இண்ட்ராப் வழக்கறிஞர் எம். மனோகரனை 2008 மார்ச்சில் கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா வாக்காளர்கள் சிலாங்கூர் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். ஆனால் அவர் நின்றது பல இனக் கட்சியான ஜனநாயக செயல் கட்சியின் (ஜசெக) சின்னத்தில். கோரிக்கைக்கு வாக்கு இருந்தது, அதற்கென ஒரு கட்சிதான் இல்லை.

இனக் கட்சிகள் பிளவை வளர்க்கும் என்பது எதிர்வாதம். நெடுங்காலம் ஆளுங்கூட்டணியிலிருந்த மலாய்க்காரர் கட்சியான அம்னோவும் இந்தியர் கட்சியான மஇகாவும் இன அடிப்படையிலேயே பதிவு பெற்றிருக்கையில் அது வலுவிழக்கிறது. மறுப்பின் அளவுகோல் இனமன்று, ஆளுங்கூட்டணியுடனான உறவே எனக் கொள்வது பொருந்தும். அந்த உறவு இருந்தும் ஒரு கட்சி போட்டியிடாமல் போகலாம்: 2023 சிலாங்கூர் சட்டமன்றத் தேர்தலில் மஇகா ஒரு தொகுதியிலும் நிற்கவில்லை. அது கட்சியே எடுத்த முடிவு என்பதால் சட்டப்படியான விலக்கலில் சேராது.