கற்பலகையும் பில்லியர்ட்ஸ் மேசையும்

சிலேட்டு என்றவுடன் தமிழ் மக்களின் நினைவில் எழுவது பள்ளிச் சிறுவர் கையில் ஏந்திய கற்பலகையே. அகரம் தொட்டு எழுதிப் பழகிய பல தலைமுறையினர்க்கு அது முதல் ஏடு. அதே கல், செல்வர் மாளிகைகளிலும் மன்றங்களிலும் பச்சைக் கம்பளித் துணியால் போர்த்தப்பெற்று, பில்லியர்ட்ஸ் மேசையின் தளமாகவும் கிடந்தது. துணிக்கு மேலே உருளும் பந்தைக் கண்டோர் பலர். துணிக்குக் கீழே கிடக்கும் கல்லின் வரலாற்றை எண்ணியோர் சிலரே.

மரம் போய்க் கல் வந்தது

பில்லியர்ட்ஸ் ஆட்டம் ஐரோப்பிய அரசவைகளில் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. நெடுங்காலம் அதன் தளம் பெரும்பாலும் மரப்பலகையாகவே அமைந்தது. மரம் ஈரத்தால் உப்பும், வறட்சியால் சுருங்கும். பலகை கோணிய இடத்தில் பந்தும் வழி மாறும். ஆடியவன் பிழை எது, மேசையின் பிழை எது என்று பிரித்தறிதல் அரிதாயிற்று.

இலண்டனில் மேசைத் தொழில் நடத்திய ஜான் தர்ஸ்டன் 1826ஆம் ஆண்டில் இக்குறைக்குத் தீர்வு கண்டார். மரத்தை நீக்கிச் சிலேட்டுக் கல்லைத் தளமாக இட்டார். களிமண் படிவு நிலத்தடியில் பல கோடி ஆண்டுகள் அழுத்தமும் வெப்பமும் உற்று இறுகியதே சிலேட்டு. அது ஏடு ஏடாகப் பிளக்கும், நீரை எளிதில் உறிஞ்சாது, பருவத்திற்கேற்ப வளையாது. 1840களில் பதப்படுத்திய ரப்பர் விளிம்புகளும் வந்து சேர்ந்தன. அதன்பின் பந்தின் போக்கைக் கணித்து ஆடுதல் இயல்வதாயிற்று.

கல்லை வெட்டியோர்

இங்கிலாந்தின் மேசைகளுக்குப் பெரிதும் உதவியது வேல்ஸ் நாட்டுக் கல். அங்குள்ள சிலேட்டுத் தொழிலாளர் வெட்டிய கல் கூரையாகவும் பள்ளிப் பலகையாகவும் மேசைத் தளமாகவும் உலகெங்கும் சென்றது. அவர்கள் பெற்ற வாழ்வோ கடினமானது. வடவேல்சின் பென்ரின் கற்சுரங்கத்தில் சங்க உரிமைக்காக ஏறத்தாழ 2,800 தொழிலாளர் 1900ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய போராட்டம் மூன்று ஆண்டுகள் நீடித்துத் தோல்வியில் முடிந்தது. கல்தூள் நுரையீரலில் படிந்து நோயுற்றோர்க்கு இழப்பீடு வழங்கும் தனிச்சட்டம் 1979ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்குள் சுரங்கங்கள் பல மூடப்பட்டுவிட்டன.

கல்லை இட்டோர்

வெட்டி இழைத்த கல் தானே சமதளம் ஆகிவிடாது. ஆங்கில முறைப் பெரிய மேசை 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது. அதன் தளம் ஐந்து கற்களால் ஆவது. இரண்டு அங்குலம் தடித்த ஒவ்வொரு கல்லும் ஏறத்தாழ 400 இராத்தல், அதாவது 180 கிலோ எடை கொள்ளும்.

முதலில் மரச்சட்டத்தை இரசமட்டம் வைத்துச் சமன் செய்வர். சட்டம் சரிந்தால் அதன்மேல் அமரும் கல்லும் சரியும். பின்னர் நடுக்கல்லை இட்டு, இருபுறமும் மற்றவற்றைச் சேர்ப்பர். ஒரு கல்லின் ஓரத்து முளை அடுத்த கல்லின் துளையில் பொருந்தும். தாழ்ந்த இடத்தில் மெல்லிய ஆப்பைச் செருகுவர். நீளத்திலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் மட்டம் பார்ப்பர்.

அமெரிக்க முறைப் பூல் மேசையில் கற்கள் பெரும்பாலும் மூன்று. தடிப்பும் ஓர் அங்குல அளவே. அவற்றைத் திருகாணியால் சட்டத்தோடு பிணைப்பர். ஆணியை அளவு மீறி முறுக்கினால் கல்லும் வளையும், விரிசலும் காணும். ஆகவே சிறிது முறுக்கி மட்டம் பார்த்து, மீண்டும் சிறிது முறுக்குவதே முறை. இறுதியில் இணைப்புகளில் தேன்மெழுகையோ பாரிஸ் சாந்தையோ நிரப்பிச் சுரண்டித் துணியை இழுத்துக் கட்டுவர். வேலை திருந்த அமைந்ததற்குச் சான்று, இணைப்பு இருக்குமிடம் ஆடுவோர்க்குத் தெரியாமையே.

கல்லைச் சுமந்தோர்

இத்தகைய மேசைகள் ஆங்கில அதிகாரிகளோடு இந்தியாவுக்கும் வந்தன. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் படையதிகாரி ஸ்னூக்கர் ஆட்டத்தை உருவாக்கினார் என்பர். அதன் விதிகள் 1880களில் உதகமண்டல மன்றத்தில் எழுதி வைக்கப்பெற்றன. உதகைக்கு இருப்புப்பாதை வந்ததோ 1908இல். எனவே அம்மன்றத்தின் மேசை மலைப்பாதை வழியேதான் ஏறியிருத்தல் வேண்டும். விதி எழுதியவர் பெயர் உலகறிந்தது. கல்லை மேலேற்றியோர் பெயரை ஆட்டத்தின் வரலாறு சொல்வதில்லை.

இத்தாலியிலும் நிலை இதுவே. இன்று மேசைத் தளத்திற்குச் சிறந்ததெனப் போற்றப்படும் கல் அந்நாட்டின் லிகூரியாப் பகுதியது. அங்குள்ள லவாஞ்ஞா என்னும் ஊரின் பெயரே இத்தாலிய மொழியில் பள்ளிக் கரும்பலகைக்கும் பெயராயிற்று. மலையில் வெட்டிய கற்பலகைகளைத் தலைச்சுமையாகக் கடற்கரை வரை கொண்டுவந்தோர் அவ்வூர்ப் பெண்கள்.

வடமேற்கு வேல்சின் சிலேட்டு நிலப்பகுதியை 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. வெற்றி பெற்ற ஆட்டக்காரர் பெயர்கள் கோப்பைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. வெட்டியோரும் சுமந்தோரும் இட்டோரும் ஆற்றிய பணியோ துணிக்கடியில் மறைந்து கிடக்கிறது. பந்து நேராக ஓடும் ஒவ்வொரு முறையும் அப்பணியே மேசையைத் தாங்கி நிற்கிறது.