வானத்துக் கண்ணும் சட்டத்தின் கையும்

நம் நாட்டு றப்பர் மரங்களின் தாயகம் பிறேசிலின் அமேசன் காடு. 1876ஆம் ஆண்டு அங்கிருந்து எடுத்துச்செல்லப்பட்ட வித்துகளில் முளைத்த கன்றுகளே ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. அத் தாய்க் காட்டின் கதையை நேயர்கள் அறிதல் நன்று.

காட்டைக் காக்கக் குரலெழுப்பிய றப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளி சிக்கோ மென்டிஸ் 1988இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு முதல் பிறேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனம் செய்மதிப் படங்களைக்கொண்டு காடழிவை ஆண்டுதோறும் அளந்து வருகின்றது. அளந்தால் மட்டும் காடு பிழைத்துவிடுமா? 2004இல் 27,000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட காடு அழிந்தது.

அவ்வாண்டில், மென்டிசின் தோழரும் றப்பர்த் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவருமான அமைச்சர் மரீனா சில்வாவின் முயற்சியால் ஒரு திட்டம் எழுந்தது. செய்மதி அழிவைக் கண்டதும் அதிகாரிகளுக்குச் செய்தி செல்லும். அவர்கள் விரைந்து சென்று தண்டம் விதிப்பர். 2008 முதல் சட்டத்தை மீறியோருக்கு வங்கிக் கடனும் மறுக்கப்பட்டது. 2012இல் அழிவு 4,600 சதுர கிலோமீற்றருக்கும் கீழே இறங்கிற்று.

பின்னர்க் காவல் தளர்ந்தது. 2019இல், அழிவு பெருகுவதை எடுத்துரைத்த ஆய்வு நிறுவனத்தின் தலைவரே பதவி நீக்கப்பட்டார். 2021இல் அழிவு 13,000ஐத் தாண்டிற்று. 2023இல் மரீனா சில்வா மீண்டும் அமைச்சரானார். கைவிடப்பட்ட திட்டமும் உயிர்பெற்றது. 2024இல் அழிவு 6,300க்கும் குறைந்தது.

ஆட்சிகள் மாறினும் செய்மதியின் பார்வை மாறவில்லை. மாறியது, கண்டதன்மேல் நடவடிக்கை எடுக்கும் துணிவே. கண் விழித்திருந்தும் கை உறங்கினால் காடு நில்லாது.