குறுந்தூரச் சாலை ஓட்டத்திற்கு மீளுதல்: தூரக் கணக்கும் வேகச் சுமையும்

காயத்தால் சில மாதங்கள் ஓட்டத்தை நிறுத்தியவர் மீண்டும் போட்டிக்கு வரும்போது முதலில் 5 கிலோமீட்டர், பிறகு 10 கிலோமீட்டர், அதன் பின்னரே அரை மராத்தான் என்று தூரத்தை வரிசைப்படுத்திக்கொள்வது, பயிற்றுநர்களிடமும் ஓட்டக்காரர்களிடமும் ஏறத்தாழக் கேள்விக்கு அப்பாற்பட்ட வழக்கமாக நிலைபெற்றுள்ளது. உடலின் மீது விழும் சுமையை ஓடிய தூரத்தைக் கொண்டே அளந்துவிடலாம் என்னும் அனுமானம் இவ்வழக்கத்தின் அடியில் கிடக்கிறது. நலமான உடலுக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால் ஆறிக்கொண்டிருக்கும் திசு எது என்று கேளாமலேயே அதைப் பொதுவிதியாக்குவது தவறு என்பதும், குறிப்பாகக் கெண்டைக்கால் தசையிலோ அதைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் அகிலிஸ் தசைநாணிலோ காயம் பட்டவருக்குக் குறுந்தூரப் போட்டி மீட்சியின் கடைசிக் கட்டமாகவே அமைய வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

குறுந்தூரச் சாலைப் போட்டி என்பது இங்கு 5 முதல் 10 கிலோமீட்டர் வரையிலான போட்டிகளைக் குறிக்கிறது. தடகள அரங்கின் கணக்கில் இவை நெடுந்தூரமே. மராத்தான் ஓடுவோரின் பேச்சில்தான் இவை குறுந்தூரம் ஆகின்றன. கடும் உழைப்பின்போது உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜனின் மேல்வரம்பை உச்ச ஆக்ஸிஜன் நுகர்வு என்பர். 5 கிலோமீட்டர் போட்டியை ஓடுபவர் அவ்வரம்பை ஒட்டிய நிலையிலேயே ஏறத்தாழ முழு நேரமும் இருக்கிறார். எனவே தமக்கு இயன்ற வேகத்தின் மேல்தட்டில் ஓடுகிறார். அந்த வேகம் உடலின் எந்த உறுப்பிலிருந்து பெறப்படுகிறது என்பதே மீட்சியைப் பற்றிய விவாதத்தின் மையக் கேள்வியாக இருக்க வேண்டும்.

இக்கேள்விக்கு டோர்ன், ஷாக்கே, பாண்டி ஆகியோர் 2012இல் வெளியிட்ட உயிர்விசையியல் ஆய்வு தெளிவான விடை தருகிறது. நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் வேகம் வரை ஒருவர் விரைவைக் கூட்டுவது பெரும்பாலும் எட்டின் நீளத்தைக் கூட்டுவதன் வழியாகவே நிகழ்கிறது. அந்நீளத்தைத் தருபவை தரையை உந்தித் தள்ளும் கெண்டைக்காலின் சோலியஸ், கேஸ்ட்ரோக்னீமியஸ் ஆகிய இரு தசைகள். அதற்கும் மேலான வேகத்தில் இத்தசைகள் சுருங்கக் கிடைக்கும் நேரம் போதாமையால் அவற்றின் உந்துதிறன் குன்ற, இடுப்புத் தசைகள் கால்களை விரைவாக வீசி எட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டும் பொறுப்பை ஏற்கின்றன. இந்த எல்லையைச் சாலை ஓட்டத்தின் எண்களோடு வைத்துப் பார்க்கும்போது பொருள் விளங்கும். எத்தியோப்பியாவின் பெரிஹு அரெகாவி 2021 டிசம்பர் 31 அன்று பார்சிலோனாவில் 5 கிலோமீட்டரை 12 நிமிடம் 49 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது அவருடைய சராசரி வேகம் நொடிக்கு 6.5 மீட்டர். உலகின் தலைசிறந்த சாலை ஓட்டக்காரரே அந்த எல்லைக்குள்தான் நிற்கிறார் என்றால், சாலைப் போட்டியில் குறைக்கப்படும் ஒவ்வொரு நொடிக்கும் விலை கொடுப்பது எல்லோருக்கும் கெண்டைக்காலே என்றாகிறது.

அந்த விலை சிறியதன்று. ஃபின்லாந்தின் பாவோ கோமி, அகிலிஸ் தசைநாணைச் சுற்றி அறுவை மூலம் விசையளவியைப் பொருத்தி ஓட்டத்தின்போது நேரடியாக அளந்தபோது, 9 கிலோநியூட்டன், அதாவது உடல் எடையைப் போல் ஏறத்தாழ 12.5 மடங்கு விசை வரை பதிவாயிற்று. இத்தகைய விசையைத் தாங்கும் திசு, தன்னைப் புதுப்பித்துக்கொள்வதில் மிக மந்தமானது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் பெருகிய கார்பன்-14 மனிதத் திசுக்களில் எந்த ஆண்டின் அளவில் படிந்துள்ளது என்பதைக் கொண்டு கோபன்ஹேகனின் ஹைனெமையர் குழுவினர் 2013இல் ஆராய்ந்தபோது, அகிலிஸ் தசைநாணின் உட்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகி, அதன் பின் குறிப்பிடத்தக்க அளவில் புதுப்பிக்கப்படுவதில்லை என்று கண்டனர். தசைநாண் ஆறவே ஆறாது என்று இதற்குப் பொருள் கொள்வது மிகை. சுமைக்கேற்ப அது விறைப்பும் வலுவும் பெறுகிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆனால் அந்த மாற்றம் வாரங்களில் முடிவதன்று.

இதயமும் இரத்தமும் வேறு காலக்கணக்கில் இயங்குகின்றன. கோய்லும் சக ஆய்வாளர்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பயின்ற விளையாட்டாளர்கள் பயிற்சியை முற்றிலும் நிறுத்தியபின் உச்ச ஆக்ஸிஜன் நுகர்வு முதல் 21 நாள்களில் 7 விழுக்காடு குறைந்து, 56 நாள்களுக்குப் பின் தொடக்க அளவைவிட 16 விழுக்காடு தாழ்ந்த நிலையில் நின்றுவிட்டது. இந்த இழப்பையும் தவிர்க்கும் வழிகள் இன்று பரவலாக உள்ளன. மிதவை இடுப்புப்பட்டை அணிந்து, தரையில் கால் படாமல், ஆழ்நீரில் ஓட்டத்தின் அசைவுகளைச் செய்வது அவற்றுள் ஒன்று. புஷ்மனும் சகாக்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், போட்டிகளில் பங்கேற்கும் 11 ஓட்டக்காரர்கள் 4 வாரங்கள் ஆழ்நீர் ஓட்டம் மட்டுமே செய்த பின்னும் அவர்களுடைய 5 கிலோமீட்டர் நேரம் ஏறத்தாழ மாறவில்லை. காயம்பட்டோருக்கு இது நற்செய்தியாகவே எங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் அச்செய்தியின் மறுபக்கம் போதிய கவனம் பெறவில்லை. அந்த 11 பேருக்கும் கால்கள் நலமாக இருந்தன. காயத்தால் தண்ணீருக்குள் இறங்கியவருக்கோ, நுரையீரலும் இதயமும் பழைய 5 கிலோமீட்டர் வேகத்தைத் தரத் தயாராக இருக்கும் அதே வேளையில், அவ்வேகத்தைத் தரையில் செலுத்த வேண்டிய தசைநாண் பல வாரங்களாக அத்தகைய விசையைச் சந்திக்காமல் இருந்திருக்கும். மூச்சு வாங்காமையைத் தேர்ச்சியின் அடையாளமாகக் கொள்ளும் ஓட்டக்காரர் இந்த இடைவெளியில்தான் விழுகிறார். மாற்றுப் பயிற்சியைக் கைவிட வேண்டும் என்பதன்று இதன் பொருள். அதைச் செம்மையாகச் செய்தவருக்கே போட்டி வேகத்தில் கூடுதல் கட்டுப்பாடு தேவைப்படுகிறது.

வேகம் எல்லாத் திசுக்களையும் ஒரே விதமாக வருத்துவதில்லை என்பதால் இவ்வாதத்திற்கு ஒரு வரம்பும் இட வேண்டியிருக்கிறது. பீட்டர்சனும் சகாக்களும் 2015இல் காட்டியபடி, குறிப்பிட்ட தூரத்தை மெதுவாக ஓடும்போது முழங்கால் மூட்டின் மீது சேரும் மொத்தச் சுமை, விரைவாக ஓடும்போது சேர்வதைவிட மிகுதி; எட்டுகளின் எண்ணிக்கை கூடுவதே காரணம். கணுக்காலுக்கு மேலுள்ள முன்னெலும்பில் நிலைமை வேறு. ஓயாத சிறு சுமைகளால் எலும்பில் மயிரிழைப் பிளவுகள் ஏற்படும் அயர்வு முறிவு எத்தனை பேருக்கு நேரக்கூடும் என்பதை எட்வர்ட்ஸ் குழுவினர் 2010இல் கணித மாதிரி ஒன்றால் மதிப்பிட்டபோது, தூரம் மாறாமல் வேகத்தை நொடிக்கு 4.5 மீட்டரிலிருந்து 3.5 மீட்டராகக் குறைத்தால் முறிவின் வாய்ப்பு 7 விழுக்காடும், அதிலிருந்து 2.5 மீட்டராகக் குறைத்தால் மேலும் 10 விழுக்காடும் குறைந்தது. கூடுதல் எட்டுகள் இக்கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தும் விளைவு இதுவே. 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் முடிக்கும் சராசரி ஓட்டக்காரரின் வேகம் நொடிக்கு 3.5 மீட்டருக்குச் சற்றே குறைவு. அவரே கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 40 நொடி என்று நிதானமாக ஓடினால் அது 2.5 மீட்டர். ஆகவே மாதிரியின் இரண்டாம் படி, சாதாரண ஓட்டக்காரர் ஒருவரின் போட்டிக்கும் நிதான ஓட்டத்திற்கும் இடையிலுள்ள தொலைவேயாகும்.

தூரத்தைப் படிப்படியாகக் கூட்டினாலே காயம் தவிர்க்கப்படும் என்னும் நம்பிக்கை சோதிக்கப்பட்டதும் ஒரு குறுந்தூரச் சாலைப் போட்டியை முன்வைத்தே. நெதர்லாந்தின் ஹாரெனிலிருந்து குரோனிங்கன் நகருக்கு ஓடப்படும் 4 மைல் போட்டிக்குத் தயாரான புதிய ஓட்டக்காரர்கள் 532 பேரை பெய்ஸ்ட் குழுவினர் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 13 வாரங்களில் மெல்ல ஏறும் திட்டத்தையும் மற்றவருக்கு வழக்கமான 8 வாரத் திட்டத்தையும் அளித்தனர். 2008இல் வெளியான முடிவின்படி முதற்பிரிவில் 20.8 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 20.3 விழுக்காட்டினரும் காயமுற்றனர். முதற்பிரிவின் திட்டம் தழுவிய, வாரத்திற்கு 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டலாகாது என்னும் புகழ்பெற்ற விதிக்கு இது பலத்த அடி. இங்குப் பங்கேற்றவர்கள் புதியவர்களேயன்றிக் காயத்திலிருந்து மீள்பவர்கள் அல்லர் என்ற மறுப்பு நியாயமானது. எனினும் வாரக்கணக்கில் தூரத்தை மட்டும் ஆள்வது போதாது என்ற அளவில் முடிவு நிற்கிறது.

இதற்கு எதிராக 2025இல் வெளியான பெரிய ஆய்வொன்றைக் காட்டக்கூடும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் பதிவுகளை ஆராய்ந்த அது, முந்தைய 30 நாள்களில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் நீண்ட ஒற்றை ஓட்டம் காயத்தோடு தொடர்புற்றிருப்பதைக் கண்டது. தூரம் பொருட்டே என்று இதிலிருந்து வாதிடலாம். ஆனால் அதே ஆய்வில் வாரத் தூரத்தின் ஏற்றம் அத்தகைய தொடர்பைக் காட்டவில்லை என்பதும் கருதத்தக்கது. ஆபத்து வாரத்தின் மொத்தத்தில் அன்றி, பழகாத ஒற்றை அமர்வில் குவிகிறது என்றால், போட்டி நாள் அத்தகைய அமர்வுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே தாவுவது தூரமன்று, வேகம். இது அந்த ஆய்வு நேரடியாகச் சொன்னதன்று, இக்கட்டுரை அதிலிருந்து செய்யும் ஊகம்.

அப்படியானால் முழு ஓய்வே வழியா என்றால், சான்றுகள் அதையும் ஏற்கவில்லை. ஸ்வீடனின் ஹோகன் அல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட ஆய்வில், நாட்பட்ட அகிலிஸ் வலி கொண்ட 15 பேர், தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும்படி குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சியை நாளுக்கு இருமுறை 12 வாரங்கள் செய்து, அனைவரும் பழைய ஓட்ட அளவுக்குத் திரும்பினர். சில்பர்நாகெல் குழுவினர் 2007இல் 38 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், வலி 10க்கு 5ஐத் தாண்டாமலும் மறுநாள் காலைக்குள் தணிந்தும் இருக்கும்வரை ஓட்டத்தைத் தொடர்ந்தவர்கள், முதல் 6 வாரங்கள் ஓட்டத்தைத் தவிர்த்தவர்களைவிடப் பின்தங்கவில்லை. வலியை எச்சரிக்கையாக மட்டும் பாராமல் அளவுகோலாகவும் கொண்ட இம்முறை சிகிச்சையில் பெரிய முன்னேற்றம். ஆனால் அது ஓட்டக்காரரின் நேர்மையான கவனிப்பை நம்பியிருக்கிறது. சட்டையில் எண் குத்தி, கடைசிக் கிலோமீட்டரில் முன்னால் செல்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடுபவரிடம் அக்கவனிப்பை எதிர்பார்ப்பது வீண். பயிற்சியில் இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவி போட்டியில் செயலிழக்கிறது என்பதும் போட்டியைப் பின்னுக்குத் தள்ளுவதற்கான காரணமே.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடிய விளையாட்டு இயன்முறை மருத்துவ மாநாட்டின் 2016ஆம் ஆண்டு ஒப்புரை, மீட்சியைப் பங்கேற்புக்கு மீளுதல், விளையாட்டுக்கு மீளுதல், செயல்திறனுக்கு மீளுதல் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. தூர வரிசை வழக்கம் இம்மூன்றையும் குழப்புகிறது; 5 கிலோமீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டதனாலேயே பங்கேற்பு நிலையில் உள்ளவர் செயல்திறன் நிலைக்குரிய சுமையைத் தம் மேல் ஏற்றிக்கொள்கிறார். எத்தியோப்பியாவின் ஹெய்லே கெப்ரெசெலாசி 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரை 0.09 நொடி வேறுபாட்டில் வென்றபின் அகிலிஸ் தசைநாணில் அறுவை செய்துகொண்டார். 2001 அக்டோபரில் பிரிஸ்டல் நகரில் உலக அரை மராத்தான் பட்டமும், 2002 ஏப்ரலில் லண்டன் மராத்தானில் மூன்றாமிடமும் பெற்ற பின்னரே, 2002 டிசம்பரில் தோஹாவில் 10 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தை 27 நிமிடம் 2 நொடியில் ஓடி உலகச் சிறப்பளவை எட்டினார். நெடுந்தூரம் முன்னும் கடும் வேகம் பின்னும் வந்த இவ்வரிசை இங்கு முன்வைக்கும் வாதத்திற்கு இசைவானதே. ஆயினும் அவர் 2001 ஆகஸ்டிலேயே எட்மன்டன் நகரில் 10,000 மீட்டர் ஓடி வெண்கலம் பெற்றதால், ஒருவரின் வரலாற்றை விதியாக்க முடியாது என்பதையும் அதே வாழ்க்கை உணர்த்துகிறது.

கெண்டைக்கால் காயத்திலிருந்து மீள்பவருக்கான வரிசை இவ்வாறு மாறுகிறது. முதலில் நிதான வேகத்தில் தூரம் பழைய அளவை நெருங்க வேண்டும். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தும் சோதனையில் காயம்பட்ட கால் மற்றக் காலுக்கு நிகராக வேண்டும். லன்ஸ்ஃபோர்டும் பெரியும் 1995இல் இயல்பான அளவாக முன்மொழிந்த 25 முறை இதற்கு ஏற்ற குறி. பின்னரே போட்டி வேகம், சமதளத்தில், சிறு துண்டுகளாக, இடையிடையே ஓய்வு நாள்களோடு நுழைய வேண்டும். ஒவ்வொரு முறையும் மறுநாள் காலையின் விறைப்பே அடுத்த படியைத் தீர்மானிக்கும். நண்பர்களோடு 5 கிலோமீட்டர் நிகழ்வில் சேர விரும்புபவர் கடிகாரத்தை வீட்டில் விட்டு, நிதான வேகத்தில் சேரலாம். அது பங்கேற்பு நிலைக்குரியதே. முழங்கால் வலியிலிருந்து மீள்பவர் மீது இதே வரிசையைச் சுமத்த மேற்கண்ட சான்றுகள் இடந்தரவில்லை. அவருக்கு மெதுவான 15 கிலோமீட்டருக்கு முன்பாகவே விரைவான 5 கிலோமீட்டர் வரலாம்.