ஓட்டமும் நிறுத்தமும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வெல்டிங் வேலை செய்யும் நண்பர் ஒருவர் சைக்கிளுக்கு என்ஜின் பூட்டினார். பின்சக்கரத்துக்கு எத்தனை பல் வைக்கலாம் என்று ஊரெல்லாம் கேட்டார். பிரேக்கைப் பற்றி மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

1946-இல் பிரான்சில் விற்பனைக்கு வந்த வெலோசொலெக்ஸ் முன்சக்கர டயரின்மேல் உருளையை அழுத்தி ஓடியது. மழையில் உருளை வழுக்கும். 1949-இல் வந்த மொபிலெட் வேறு வழி கண்டது: என்ஜினிலிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து பின்சக்கரத்துக்குச் சங்கிலி. அந்த வம்சத்து 'சுவேகா'வை 1960களில் பக்கத்துத் திருப்பதியிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். மிதிகட்டை இருந்தாலும் அதன் பிரேக் சைக்கிள் பிரேக் அல்ல; சக்கரக் குடத்துக்குள்ளே மழைக்கு மறைவாக இருந்தது.

நண்பருடையதோ ரிம்மைக் கவ்வும் ரப்பர் கட்டை. ரயில்வே கேட்டருகே, தூறலில், இருவரும் செருப்பைத் தேய்த்துத்தான் நின்றோம். மறுநாளே பழைய சுவேகாக் குடம் தேடிக் கிளம்பினார்.