ஓநாய்க்கு இட்லி வைத்த பாட்டியும் செக் நாட்டுப் பொம்மைகளும்

என் அக்கா மகளுக்கு ஐந்து வயது. போன மாதம் அவள் பள்ளியில் கதை சொல்லும் போட்டி நடந்தது. 'ரெட் ரைடிங் ஹூட்' கதையை ஆங்கிலத்தில் இரண்டு வாரம் உருப்போட்டாள். மேடையில் மூன்றாவது வரியோடு நின்றுவிட்டது. ஒரே அழுகை. அன்று ராத்திரி என் பழைய சாக்ஸ் ஒன்றில் இரண்டு பட்டன் தைத்து அவள் கையில் மாட்டிவிட்டேன். அதே கதையைத் தமிழில் இருபது நிமிடம் சொன்னாள்! ஓநாய் பாட்டியைத் தின்னவில்லை. பசிக்கிறது என்று சொன்னதும் பாட்டி இட்லி வைத்துவிட்டாள்.

அந்தச் சாக்ஸ் அப்படி என்னதான் செய்தது என்று யோசித்தபோது எனக்கு செக் நாட்டு வரலாறு நினைவுக்கு வந்தது. எங்கிருந்தோ எங்கேயோ போகிறானே என்று நினைக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

இன்றைய செக் நாடு அப்போது பொஹீமியா, மொராவியா என்ற பெயர்களில் ஹாப்ஸ்பர்க் பேரரசின் கீழ் இருந்தது. 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் ஜெர்மனை ஆட்சிமொழி ஆக்கினார். அலுவலகம், மேல்படிப்பு என்று மேலே போகப் போக ஜெர்மன்தான். செக் மொழி கிராமத்திலும் சமையலறையிலும் தங்கிவிட்டது. அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய்ச் செக் மொழியில் நாடகம் போட்டவர்கள் பொம்மலாட்டக்காரர்கள். அவர்களில் மிகவும் பேர் பெற்றவர் மத்யேய் கொபெட்ஸ்கி (1775-1847). எல்லாப் பொம்மைக்கும் ஒரே ஆளே குரல் கொடுப்பது வழக்கம். வசனம் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வாய்வழியாகப் போகும். கொபெட்ஸ்கி ஆடிய நாடகங்கள் அவர் மகன் மூலமாக அச்சில் வந்தது 1862இல்தான், அதாவது அவர் இறந்து பதினைந்து வருடம் கழித்து.

ஆனால் அவை குழந்தைகளுக்கான நாடகங்கள் அல்ல. ஆன்மாவைச் சாத்தானுக்கு விற்ற ஃபாஸ்ட், டான் ஜுவான், வீரர்களின் சண்டை என்று பெரியவர்கள் சமாச்சாரம்தான். பிள்ளைகளும் நடுவில் புகுந்து உட்கார்ந்து பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், போஷெனா நியெம்ட்சோவா என்ற பெண் எழுத்தாளரும் கரேல் யாரொமீர் எர்பென் என்ற கவிஞரும் பாட்டிமார் சொன்ன கதைகளைத் தேடித் தேடிச் செக் மொழியில் எழுதிவைத்தார்கள். நியெம்ட்சோவாவின் முதல் தொகுப்பு 1845க்கும் 1847க்கும் இடையில் வந்தது. தங்கமுடி இளவரசி, பேசும் விலங்குகள், உயிர் கொடுக்கும் தண்ணீர் எல்லாம் இந்தக் கதைகளில் உண்டு.

பொம்மையும் கதையும் குழந்தையின் கையில் ஒன்றாகச் சேர்ந்தது வீட்டுப் பொம்மை மேடையில். ஓவியர் மிகோலாஷ் அலெஷின் பாணியைப் பின்பற்றிய பொம்மைகள் 1912இல் மொத்தமாகச் செய்யப்பட்டுக் கடைக்கு வந்தன. கிட்டத்தட்ட ஒரு சாண் உயரம். அதே ஆண்டு பொம்மலாட்டத்துக்கென்றே ஒரு செக் இதழும் தொடங்கியது. அச்சடித்த காட்சித்திரைகளும் வந்தன. காடு, அரண்மனை, குடிசை என்று மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம். சாப்பாட்டு மேசையே அரங்கம்!

இந்தப் பொம்மையின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். பல நூல்களில் தொங்கும் பொம்மையை ஆட்ட வருடக்கணக்கில் பழக வேண்டும். செக் பொம்மையின் தலையிலோ ஒரு கெட்டியான கம்பி இருக்கும். அதைப் பிடித்தால் பொம்மை நேராக நிற்கும், நடக்கும், திரும்பும். கைகளுக்கு மட்டும் நூல். சின்னப் பையன்கூட ஒரு கையால் தூக்கி இளவரசனை நடக்க வைத்துவிடலாம்.

அதைவிட முக்கியமானது, பொம்மைக் கூட்டத்தில் காஷ்பாரெக் என்ற கோமாளி இருப்பான். ஃபாஸ்ட் நாடகத்தில் சாத்தானையே ஏய்ப்பவன் அவன். தேவதைக் கதைக்கும் அவன் அப்படியே வந்துவிட்டான். ஹான்ஸல், கிரெட்டல் கதை நமக்குத் தெரியும். செக் மொழியில் அந்தப் பிள்ளைகளின் பெயர் யெனீச்செக், மர்ஷெங்கா. அவர்களைத் தேன்ரொட்டி வீட்டுச் சூனியக்காரி பிடித்து வைத்திருக்கிறாள், அடுத்த வசனம் மறந்துபோச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். காஷ்பாரெக்கை உள்ளே விட்டால் போதும். அவன் எதுவும் பேசலாம், யாரையும் கேள்வி கேட்கலாம், அதற்குள் கதை ஞாபகம் வந்துவிடும். தடுமாறினாலும் தடுமாறியது பொம்மைதான், பிள்ளை இல்லை. எங்கள் வீட்டுச் சாக்ஸ் செய்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

எல்லாரும் இந்தச் சுதந்திரத்தை விரும்பியதாகச் சொல்ல முடியாது. வீட்டு மேடைக்கென்றே வசனப் புத்தகங்கள் அச்சாயின. சுத்தமான மொழி, நல்ல போதனை என்று பெரியவர்களின் ஆசை அதில் இருந்தது. ஜெர்மனுக்கு நடுவே தங்கள் மொழியைக் காப்பாற்றப் போராடியவர்கள் அப்படி நினைத்ததில் நியாயம் உண்டு. ஆனால் பிள்ளைக்கு வசனத்தை உருப்போட வைத்தால் பொம்மை எதற்கு? என் அக்கா மகள் நின்ற மேடையும் அதுவும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

பிள்ளையின் சொந்தக் குரல் பொம்மைக்கு வந்தது பில்சென் நகரத்தில். அங்கே ஓவிய ஆசிரியராக இருந்த யோசெஃப் ஸ்குபா, 1920இல் ஸ்பெய்ப்ல் என்ற பொம்மையை மேடையேற்றினார். வழுக்கைத் தலை, பெரிய காது, மந்தபுத்தி அப்பா. 1926இல் அவருக்கு ஹுர்வீனெக் என்ற மகன் வந்தான். இவன் வேலையே கேள்வி கேட்பது. ஏன், எதற்கு, அப்படியென்றால் இது எப்படி என்று கேட்டே அப்பாவைத் திணற அடிப்பான். இரண்டு பேருக்கும் ஸ்குபா ஒருவரே குரல் கொடுத்தார். அந்த வகையில் அவரும் கொபெட்ஸ்கி வழிதான்.

1944 ஜனவரியில் நாஜிகள் ஸ்குபாவைக் கைது செய்து டிரெஸ்டன் சிறையில் அடைத்தார்கள். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் மேல் குண்டு விழுந்தபோது தப்பி ஊர் வந்து சேர்ந்தார். போர் முடிந்ததும் பிராகில் மறுபடி அரங்கம் தொடங்கினார்.

அவர் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்த பையன்களில் ஒருவன் யிர்ஷி த்ரின்கா. பின்னாளில் பொம்மைகளை வைத்துத் திரைப்படம் எடுத்து உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர். 1950இல் அவர் எடுத்த 'பயாயா' படம் நியெம்ட்சோவாவின் கதைகளிலிருந்து வந்தது. குழந்தைப் புத்தகங்களுக்கு வரைந்த படங்களுக்காக 1968இல் ஆண்டர்சன் விருதும் கிடைத்தது.

எங்கள் வீட்டு ஓநாய்க்கு நேற்று ஒரு கண் கழன்றுவிட்டது. அது ஒற்றைக்கண் ஓநாய்க் கதையாக மாறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டிக்கும் ஒரு சாக்ஸ் வேண்டுமாம். வீட்டில் ஜோடி இல்லாத சாக்ஸாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.