நீரில் மேற்பிணைப்புகளின் ஸ்திரத்தன்மை: திருப்பூர் அநுபவம்

ஒரு திடப்பொருளின் மேற்பரப்பில் வேறொரு மூலக்கூற்றையோ பல்படிச் சங்கிலியையோ இரசாயனப் பிணைப்பால் பொருத்தி, அதனால் அப்பரப்புக்குப் புதிய நிறமோ குணமோ வாய்த்தபின், அப்பிணைப்பு ஜலத்தில் நெடுநேரம் ஊறியும் அறுபடாது நிற்பதையே ஸ்திரத்தன்மை என்கிறோம். தமிழ்நாட்டில் இவ்விஷயம் பெருமளவில் சோதனைக்குள்ளான இடம் திருப்பூர். பனியன் துணியில் ஏறும் சாயமும், சாயக்கழிவை வடிகட்டும் சவ்வின் மீதுள்ள படலமும் இந்த ஒரே விதிக்கு உட்பட்டவை.

1884இல் காங்கோ சிவப்பு தோன்றியது முதல் பருத்திக்கு நேரடியாக ஏறும் சாயங்கள் பல வந்தன. ஆனால் அவை வலுக்குன்றிய கவர்ச்சியாலேயே இழையைப் பற்றி நின்றமையால் சலவைதோறும் சிறிது சிறிதாக இறங்கின. அவுரி முதலிய தொட்டிச் சாயங்கள் கெட்டியாக நின்றதும், நீரில் கரையாத வடிவில் இழைக்குள் அடைபட்டுக் கிடந்ததனாலேயன்றி, இழையோடு பந்தம் கொண்டதனால் அன்று. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தைச் சேர்ந்த ராட்டீ, ஸ்டீபன் என்ற இரு விஞ்ஞானிகள், குளோரின் ஏறிய ட்ரையசின் வளையத்தைச் சுமந்த சாயம் மெல்லிய காரத்தில் செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதியோடு நேரே பிணைவதை 1954இல் கண்டனர். பெர்க்கின் தம் ஊதாச் சாயத்தைக் கண்டு நூறாண்டு நிறைந்த 1956இல், மஞ்சள், சிவப்பு, நீலம் என மூன்று நிறங்களில் 'புரோசியன்' விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் நிறுவனம் வினைல் சல்போன் வகையான 'ரெமசாலை' வெளியிட்டது.

பிணைப்பு நிகழும் விதமே அதன் பலவீனத்தையும் விளக்குகிறது. பருத்தியும் சாயமும் நீரில் ஒரே எதிர்மின்னூட்டம் கொண்டு ஒன்றையொன்று விலக்குவதால், அவ்விலக்கத்தைத் தணிக்க அடர்நிறங்களுக்கு லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை உப்பு இடுகிறார்கள்; சாயம் இழையில் ஏறியபின் சோடா ஆஷ் சேர்க்க, பிணைப்பு தொடங்குகிறது. அதே காரத்தில் நீரும் சாயத்தோடு வினைபுரிந்து, இழையைப் பற்றவேண்டிய அதன் வினைத்தொகுதிகளாகிய கைகளை முறித்துவிடுவதால், ஒரு பகுதி சாயம் இழையோடு இனி ஒருபோதும் பிணைய இயலாத நிலையை அடைகிறது. அப்பகுதியும் இழையில் ஒட்டி நிறம் காட்டுமாகையால், கொதிநிலைக்கு அருகே சோப்பு நீரில் அலசி வெளியேற்றாவிட்டால், வாங்கியவர் வீட்டு வாளியில் அது இறங்கும்.

முறையாகப் பிணைந்த சாயமும் அழிவற்றதன்று. ட்ரையசின் பிணைப்பு அமிலத்தில் அறுபடும். வினைல் சல்போன் பிணைப்போ அமிலத்தைத் தாங்கிக் காரத்தில் அறுபடும். ஆதலின் சூடான காரம் துணியில் எஞ்சியிருக்கவிட்டால், கஷ்டப்பட்டு உண்டாக்கிய பிணைப்பே அவிழத் தொடங்குகிறது. இவ்விரு கைகளையும் ஒரே மூலக்கூற்றில் அமைத்த சாயங்களை 1980 அளவில் ஜப்பானின் சுமிடோமோ நிறுவனம் பரப்பியது, என் கருத்தில், இத்துறையின் மிகச் சிறந்த விவேகச் செயலாகும்.

பிணையாத சாயமும் அதை ஏற்றிய உப்பும் சேர்ந்த கதி திருப்பூரின் துயரமான சரித்திரம். சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்நிலத்து விவசாயிகளின் கிணறுகளையும் பயிரையும் கெடுத்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கு 2009இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கழிவு சிறிதும் வெளியேறக்கூடாதென்ற நிபந்தனை நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் பொது சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர்ச்சவ்வூடு பரவலும் ஆவியாக்கலும் வேரூன்றி, நீரும் உப்பும் பட்டறைக்கே திரும்பின.

அங்கே ஸ்திரத்தன்மை பற்றிய கேள்வி துணியிலிருந்து சவ்வுக்கு மாறுகிறது. லோயப் என்பவரோடு இந்தியரான ஸ்ரீனிவாச சௌரிராஜன் கலிபோர்னியாவில் உருவாக்கிய செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வு, மெல்லிய அமிலநிலை நீங்கினால் நீராற்பகுப்படைந்து கெட்டது. 1970களின் பிற்பகுதியில் காடட் என்பவர் அமைத்த பாலிஅமைடு படலம் காரத்தையும் அமிலத்தையும் வெகுவாகத் தாங்குமெனினும், குளோரினைத் தாங்காது. அதன்மேல் சாய மிச்சமும் நுண்ணுயிரும் படியாதிருக்க, நீரை விரும்பும் பல்படி இழைகளை ஒட்டுவைக்கும் ஆராய்ச்சி நெடுநாளாக நடக்கிறது. எஸ்டர் வழியே ஒட்டிய இழை, சவ்வைக் கழுவும் காரத்திலேயே கழன்றுபோகும். அமைடு வழியே ஒட்டியது நிற்கும். நெருக்கமாக நட்ட இழைகள் நீரை உண்டு உப்பும்போது எழும் இழுவிசையும் அடிப்பிணைப்பைத் தாக்குகிறது. சுவிட்சர்லாந்தில் கிளோக் என்பவரின் குழு, இத்தகைய இழைப்படலம் உயிரணு வளர்ப்புத் திரவத்தில் கழல்வதை 2008இல் வெளியிட்டது.

துணியின் நீர்நிலைப்பைச் சோதிக்கும் சர்வதேச முறையில், ஈரத்துணியை வெள்ளைத் துணியோடு சேர்த்தழுத்தி 37 பாகை வெப்பத்தில் 4 மணி நேரம் வைத்து, வெள்ளையில் ஏறிய கறையைச் சாம்பல்நிற அளவுகோலில் 1 முதல் 5 வரை மதிப்பிடுகிறார்கள். பிணையாச் சாயத்தைக் காட்ட இது போதும். காரத்திலோ அமிலத்திலோ நாளடைவில் அறுபடும் பிணைப்பைக் காட்டாது. ஆகவே துணிக்காயினும் சவ்வுக்காயினும், ஊறிய காலம், வெப்பம், அமில-காரநிலை ஆகிய மூன்றையும் குறிக்காத எந்த நிலைப்புச் சான்றும் முழுமையானதன்று.